ரத்தம் நிறுத்தும் ஊசி: எங்கே தவறுகிறோம்?

விபத்தில் ரத்தம் கொட்டும்போது போடும் டிரானெக்சாமிக் அமிலத்தை 'ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி' என்றே பலரும் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காயத்தில் உறைவைக் கட்டுவது உடம்புதான். அதைக் கரைக்கப் பார்ப்பதும் உடம்புதான். அந்தக் கரைப்பைத் தடுப்பது மட்டுமே இந்த மருந்தின் வேலை. கிழிந்த ரத்தக்குழாயை இது அடைக்காது. ஊசி போட்டாயிற்றே என்று காயத்தை அழுத்திய கையை எடுத்தால், மருந்து ரத்தத்தோடு வெளியேதான் போகும்.

அடுத்தது நேரம். என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். 20,211 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில், அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுக்கே பலன் அதிகம். 3 மணி நேரம் கடந்து பெற்றவர்களிடையே ரத்தப்போக்கால் ஏற்பட்ட இறப்பு, மருந்து பெறாதவர்களைவிட அதிகமாக இருந்தது. அதாவது, தாமதித்தால் பலனில்லை என்பதோடு போகவில்லை, கெடுதலும் வந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலனில் சுமார் 10 சதவீதம் குறைவதாகப் பிந்தைய ஆய்வு காட்டியது. 'பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்' என்று முதல் ஊசியையே போடாமல் அனுப்பிவைப்பதற்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அதற்காகச் சட்டென்று ஏற்றிவிடவும் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கும். கிராஷ்-2 ஆய்வில் முதல் 1 கிராமை 10 நிமிடத்தில் ஏற்றினார்கள். அப்புறம் 8 மணி நேரத்தில் சிறிது சிறிதாக இன்னொரு கிராம். இடம் மாற்றும் அவசரத்தில் இந்த இரண்டாவது டோஸ் எளிதாக விட்டுப்போகும்.

சரி, எந்த ரத்தப்போக்குக்கும் இதைப் போடலாமா? குடல், இரைப்பை ரத்தக்கசிவில் சோதித்த 2020 ஆய்வில் உயிரிழப்பு குறையவில்லை; சிரைகளில் ரத்தக்கட்டியும் வலிப்பும்தான் கூடின.

ரத்தம் நிறுத்தும் காஸ் துணியிலும் இதே கதைதான். மேலே போர்த்தினால் போதாது. ரத்தம் பீறிடும் ஆழம்வரை திணித்து, குறைந்தது 3 நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. மார்பிலும் வயிற்றிலும் திணிக்கும் வேலையே வேண்டாம்.

நம் வீடுகளில் காஸுக்குப் பதில் காப்பித்தூளும் மஞ்சள்தூளும் வந்துவிடுகின்றன. அள்ளி அப்பிய தூளை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றே மருத்துவரால் பார்க்க முடியும்.