ட்ரோன் ஒரு பக்கமாக இழுக்கிறதா? டிரிம் பட்டனைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ட்ரோன் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால், பெரும்பாலானவர்கள் முதலில் ரிமோட்டில் உள்ள டிரிம் பட்டனை எதிர்ப்பக்கம் தட்டுகிறார்கள். இரண்டு தட்டில் சரியாகிவிட்டதுபோல இருக்கும். அடுத்த நாள் மறுபடி இழுக்கும், மறுபடி தட்டுவார்கள். பட்டன் இனி நகராது என்ற நிலை வந்ததும் "போர்டு போயிடுச்சு" என்று முடிவுகட்டி, ட்ரோனைப் பரணில் போட்டுவிடுவார்கள். பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்து இப்படி முடங்கிக் கிடக்கும் ட்ரோன்களை நிறையப் பார்க்கிறேன். அவற்றில் போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, உண்மையிலேயே செத்துப்போனது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் ஒரு றெக்கையிலோ ஒரு மோட்டாரிலோதான் இருக்கும்.

டிரிம் என்பது ட்ரோனை எப்போதும் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திரு என்று சொல்லிவைப்பது. மிகச் சிறிய விலகலுக்கு அது சரி. வளைந்த றெக்கைக்கும் தேய்ந்த மோட்டாருக்கும் அதைப் பயன்படுத்துவது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போட்டு அடக்குவதைப் போன்றது. அதனால் முதலில் டிரிமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பறக்கவிட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். அந்தத் திசைதான் துப்பு.

நான்கு மோட்டார்களில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றும். மூலைவிட்டமாக எதிரெதிரே இருப்பவை ஒரே திசை. அதாவது முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. ஒரு மூலையில் தூக்கும் விசை குறைந்தால் அந்த மூலை தாழும், ட்ரோன் அந்தப் பக்கமே ஓடும். சாயாமல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால், ஒரு ஜோடி மற்றதைவிட வலுவிழந்திருக்கலாம், அல்லது விழுந்த வேகத்தில் ஒரு மோட்டார் தன் குழியில் சாய்ந்திருக்கலாம். த்ராட்டில் குச்சியை, அதாவது ட்ரோனை மேலே எழுப்பும் குச்சியை, ஏற்றியதுமே குப்புறக் கவிழ்ந்தால் பெரும்பாலும் றெக்கைகள் இடம் மாறியிருக்கும்.

றெக்கைகளில் ஏ, பி என்று எழுத்து இருக்கும். ஏ ஒரு ஜோடிக்கு, பி மற்ற ஜோடிக்கு. உடைந்த றெக்கையை மாற்றும்போது கைக்குக் கிடைத்ததைச் செருகிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எழுத்து அழிந்துபோயிருந்தால் வடிவத்தைப் பாருங்கள். றெக்கையின் ஒரு விளிம்பு உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும். சுற்றும்போது உயர்ந்த விளிம்புதான் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் காற்று கீழே தள்ளப்படும்.

இனி முக்கியமான சோதனை. ட்ரோன் முன் இடது மூலைக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலையின் றெக்கையைக் கழற்றி, எதிரே உள்ள பின் வலது மூலையின் றெக்கையோடு மாற்றிப் போடுங்கள். இரண்டும் ஒரே வகை என்பதால் சுழற்சி குழம்பாது. இப்போது ட்ரோன் பின் வலதுக்கு இழுத்தால் குற்றவாளி றெக்கை. கண்ணுக்குத் தெரியாத வளைவோ, நடுத்துளை லேசாக விரிந்து நழுவுவதோ இருக்கும். புது றெக்கை போட்டால் வேலை முடிந்தது. முன் இடதிலேயே கோளாறு நின்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். அதையும் இதே மாதிரி எதிர்மூலை மோட்டாரோடு மாற்றிப் பாருங்கள். கோளாறு மோட்டாருடனேயே போனால் மோட்டார் தேய்ந்துவிட்டது. எதை மாற்றியும் கோளாறு அதே மூலையில் நின்றால்தான் போர்டில் அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியை, அல்லது அங்கே விட்டுப்போன சால்டரிங்கைப் பார்க்க வேண்டும். றெக்கை, மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்களுக்குக் கடைசிவரை எது காரணம் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மோட்டார் வாங்குவதற்கு முன் அதன் தண்டைப் பாருங்கள். தலைமுடியும் கம்பள நூலும் சுற்றிக்கொண்டு இறுக்கியிருக்கும். ஊசியால் எடுத்தால் பாதி மோட்டார்கள் உயிர் பெறும். இந்த விலை ட்ரோன்களில் இருப்பவை, உள்ளே உரசியபடி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் வைத்த மோட்டார்கள். சில மணி நேரம் ஓடினாலே பிரஷ் தேயும், அது இயல்பு. பறந்து இறங்கியதும் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தால் அதன் காலம் முடிகிறது. மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். மோட்டாரின் அளவு எண் 8520 என்றால் 8.5 மில்லிமீட்டர் விட்டம், 20 மில்லிமீட்டர் நீளம். அளவு பொருந்தினாலும் தண்டின் தடிமன், ஒயரின் நிறம், பிளக் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒயரின் நிறந்தான் சுழற்சித் திசைக்கு அடையாளம்.

ட்ரோனின் சாய்வை உணரும் கைரோவைச் சமன் செய்வதில் ஒரு தவறு நடக்கிறது. மொட்டை மாடியில் வைத்து, ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் மூலைக்குத் தள்ளி, விளக்கு மின்னி அடங்கியதும் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். மொட்டை மாடித் தளம் சமமானதே அல்ல, மழைநீர் வழிய வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள். ட்ரோன் அந்தச் சாய்வையே சமதளம் என்று நம்பிவிடும். வீட்டுக்குள் மேசைமேல் வைத்துச் செய்யுங்கள், முதலில் ரசமட்டமோ போனில் உள்ள மட்டக்கருவியோ வைத்துப் பார்த்துவிட்டு.

சென்னையில் மாமா வீட்டில் நன்றாகப் பறந்தது, இங்கே வந்ததும் எழும்பமாட்டேன் என்கிறது என்ற குறையும் உண்டு. அது பிரமை அல்ல. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 8, 9 விழுக்காடு குறைவு. நல்ல ட்ரோனுக்கு இது பொருட்டில்லை. எடையைத் தூக்கவே திணறும் மலிவு ட்ரோனுக்கு இந்த இழப்பு பெரிது. கேமராவைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, றெக்கைக் காப்பு வளையங்கள் இல்லாமல் ஒருமுறை பாருங்கள். இதே காரணத்தால், அதிக நேரம் பறக்கும் என்று பெரிய பேட்டரி போடுவதும் இங்கே எதிராகவே முடியும். கூடுதல் எடை அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

பேட்டரி 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுச் சார்ஜில் மல்டிமீட்டரில் 4.2 காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது 4.2 காட்டுவதால் மட்டும் பேட்டரி நல்லது என்றாகிவிடாது. கிழடான பேட்டரி அப்படிக் காட்டிவிட்டு, த்ராட்டில் ஏற்றியதும் சரிந்துபோகும். எழும்பி, விளக்கு மின்னி, உடனே இறங்கினால் இதுதான். அது கிழடாவதற்குப் பெரும்பாலும் நம் பழக்கமே காரணம். விளக்கு மின்னிய பிறகும் கடைசிச் சொட்டுவரை ஓட்டுவது, இறங்கியதும் சூடு ஆறாமல் சார்ஜில் போடுவது, முழுச் சார்ஜிலோ காலியாகவோ மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பது. எடுத்து வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குத்தாதீர்கள், சார்ஜ் செய்யாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். இ-கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நல்ல பேட்டரியையும் இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்க வேண்டாம்.

உயரம் தானாக நிலைக்கும் வகை ட்ரோன் மேலும் கீழுமாகத் துள்ளினால், காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார்மேல் காற்று நேரடியாகப் படுவது காரணமாக இருக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். அடியில் கேமரா வைத்துத் தரையைப் பார்த்து நிற்கும் வகை, பளபளக்கும் டைல்ஸ் தரையில் தடுமாறும். பிடித்துக்கொள்ள அதற்குப் புள்ளியோ கோலமோ வேண்டும், பூப்போட்ட பாய் விரித்தால் போதும். ரிமோட்டின் பேட்டரி, ஹெட்லெஸ் பட்டன் (ட்ரோனின் முகம் எங்கே திரும்பினாலும் குச்சி தள்ளும் திசைக்கே போகவைப்பது) தவறி அழுந்தியிருப்பது, அடுக்குமாடியில் வைஃபை நெரிசலில் போன் வழியாக ஓட்டுவது போன்றவற்றை ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியே பறக்கவிடும் முன் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைத் திறந்து உங்கள் இடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு விமானி சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வரைபடத்தில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ காட்டும் மண்டலத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. கெம்பேகவுடா விமான நிலையம், எச்.ஏ.எல்., எலகங்கா, ஜக்கூர் என்று விமான ஓடுதளங்கள் சூழ்ந்த ஊர் இது. உங்கள் இடம் சிவப்பிலோ மஞ்சளிலோ விழுந்தால் சோதனையை ஹாலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி மட்டும் கணிக்காதீர்கள். அங்கே தன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி ட்ரோனை ஆட்டும். இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, குச்சிகளை விட்டுவிட்டு, எந்த மூலைக்கு நகர்கிறது என்று பாருங்கள்.