கணித மென்பொருள் பிழையான விடை தந்தால் வழுவை எங்கே தேடுவது

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் எனக்கு, வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியோடு வந்து நிற்கும் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி கிடைக்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "சேர், கம்ப்யூட்டர் பிழையான விடையைக் காட்டுது." இந்த ஒரு முறைப்பாட்டுக்குள் மூன்று வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. நாம் போட்ட கணக்கே பிழையாக இருக்கலாம். கணக்குச் சரியாக இருந்தும் அதைக் கணினிக்குச் சொன்ன விதம் பிழைத்திருக்கலாம். அல்லது மென்பொருளிலேயே வழு இருக்கலாம். மூன்றாவது அரிதாகவே நேர்கிறது என்றாலும், எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

சொன்ன விதம் பிழைப்பதற்கு உதாரணமாக ஒரு மாணவியின் கதையைச் சொல்லலாம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தன் தாயின் நாளாந்த நிறுவையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவள் பைதன் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினாள். அதைச் சோதிக்க 0.1 கிலோவைப் பத்துத் தடவை ஒவ்வொன்றாகக் கூட்டியபோது 1 வரவில்லை, 0.9999999999999999 வந்தது. 1 ஐ 3 ஆல் வகுத்தால் தசமத்தில் எப்படி முடிவின்றி நீள்கிறதோ, அப்படியே பத்தில் ஒன்றும் இரும எண்முறையில் முடிவின்றி நீள்வதால், கணினி அதை ஓரிடத்தில் வெட்டியே வைத்துக்கொள்கிறது. எனவே இது வழு அல்ல. கிலோவைக் கிராமாக்கி முழு எண்களில் கூட்டுவது, அல்லது பின்னங்களாகவே வைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

கதை அத்தோடு முடியவில்லை. பைதனில் உள்ள 'சம்' என்ற கூட்டல் கட்டளையால் அதே பத்து எண்களையும் கூட்டியபோது, அவளுடைய கணினி முன்போலவே 0.9999999999999999 என்றது, தோழியின் கணினியோ 1.0 என்றது. இருவரும் தத்தம் விடையே சரி என்று வாதாடினார்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த பைதன் 3.12 தொடக்கம் அந்தக் கட்டளை, கூட்டும்போது சிந்தும் மிச்சத்தைத் தனியே சேர்த்து வைத்து ஈடுசெய்கிறது. தோழியிடம் இருந்தது அந்தப் பதிப்பு. ஆகவே எந்தச் சிக்கலைக் கண்டாலும் முதல் வேலையாக மென்பொருளின் பதிப்பு, பைதனின் பதிப்பு, இயங்குதளம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக அடுக்குக் குறியைப் பாருங்கள். பைதனில் 2^3 என்று கொடுத்தால் 8 வராது, 1 வரும். அங்கே அந்தக் குறி அடுக்கைக் குறிப்பதில்லை. இரும இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் மாத்திரம் 1 இடுகிறது. இரும எண்முறையில் 2 என்பது 10, 3 என்பது 11; இவ்விரண்டும் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபடுவதால் விடை 1 ஆகிறது. அடுக்குக்கு 2**3 என்றே எழுத வேண்டும். ஆனால் சேஜ்மேத் மென்பொருளில் 2^3 என்றாலும் 8 தான், ஏனெனில் நாம் தட்டச்சுவதைப் பைதனுக்கு அனுப்புமுன் அது திருத்தி எழுதிவிடுகிறது. அவ்வாறே 1/3 என்பதையும் சேஜ் பின்னமாகவே வைத்திருக்கும்; வெறும் பைதன் 0.3333333333333333 ஆக்கிவிடும். சேஜில் ஓடிய நிரலைச் சாதாரணப் பைதன் கோப்பாகச் சேமித்து ஓட்டினால் இந்தத் திருத்தம் நடப்பதில்லை. "நேற்று ஓடியது, இன்று பிழைக்கிறது" என்பவர்கள் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

கணக்கே பிழைப்பது இவற்றை விட நுட்பமானது. 1 + கோசைன் எக்ஸ் என்பதன் வர்க்கமூலத்தை 0 முதல் 2π வரை தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது கோசைன் எக்ஸ்/2 இன் வர்க்கத்தின் இருமடங்கு என்று கண்டு, வர்க்கமூலத்தையும் வர்க்கத்தையும் வெட்டிவிட்டு நிரல் எழுதினால் விடை 0 வரும். சார்போ எங்கும் மறைப் பெறுமானம் கொள்வதில்லை. பரப்பு எப்படிப் பூச்சியமாகும்? π ஐத் தாண்டியதும் கோசைன் எக்ஸ்/2 மறையாகிவிடுவதால், அதன் மட்டுப் பெறுமானத்தை எடுத்திருக்க வேண்டும். சரியான விடை 4√2, ஏறத்தாழ 5.657. எண்களோடு குறியீடுகளையும் கையாளும் சிம்பை என்ற பைதன் மென்பொருள் எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைத் தானாக எக்ஸ் என்று சுருக்காமல் பிடிவாதமாக நிற்பதும் இதனால்தான். மாறி நேரானது என்று அறிவித்த பிறகே அது சுருக்கும். இந்தப் பிடிவாதத்தைக் குறை சொல்லும் மாணவருக்கு நான் இந்தத் தொகையீட்டையே கொடுப்பதுண்டு. குறியீட்டு விடை எதுவாயினும் எண்முறைத் தொகையீட்டினாலும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். 2005 இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ்மேத், தனியொரு நிரல் அன்று. பல பழைய மென்பொருள்களை ஒரு கூரையின் கீழ் சேர்த்த தோட்டத்து லயம் (வரிசை வீடு) போன்றது. எண் கோட்பாட்டுக்குப் பிரான்சின் போர்தோவில் பிறந்த பாரி, குலக் கோட்பாட்டுக்கு காப், தொகையீட்டுக்கு மாக்சிமா என்று ஒவ்வொரு காம்பராவிலும் (அறையிலும்) ஒருவர். பிழைச் செய்தி வந்தால் எந்தக் காம்பராவிலிருந்து சத்தம் வருகிறது என்று முதலில் கேளுங்கள். மாறி நேரா, மறையா, பூச்சியமா என்று தெரியாதபோது தனியே ஓடும் மாக்சிமா நம்மிடமே கேள்வி கேட்கும். சேஜுக்குள்ளிருந்து கேட்க முடியாததால் கணிப்புத் தோல்வி என்ற செய்தி வரும். 'அசியூம்' கட்டளையால் மாறியின் குறியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். பாரி தன் 'ஸ்டாக்' எனும் வேலை நினைவகம் நிரம்பி வழிகிறது என்று முறையிட்டால் அதுவும் வழு அல்ல. அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் நினைவகம் 8 மெகாபைட் அளவே என்பதால், 'பாரிசைஸ்மாக்ஸ்' அமைப்பை உயர்த்திக்கொள்ளலாம். அதன் பிறகும் சிக்கல் நீடித்தால், அதே கணக்கைச் சேஜ் இல்லாமல் பாரியில் மட்டும் போட்டுப் பாருங்கள். அங்கும் பிழைத்தால் அறிக்கை போக வேண்டிய இடம் பாரி, சேஜ் அல்ல.

மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுவதுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அதிகம் வதைப்பது. வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பிய 4 கிகாபைட் நினைவகமுள்ள கணினியில், பார்த்த வழிகாட்டியில் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறது என்பதற்காக அப்படியே ஓட்டுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தொகுப்பி 'கில்ட்' என்ற சொல்லோடு நின்றுவிடும். அதைக் கொன்றது வழு அல்ல, நினைவகம் தீர்ந்ததால் தலையிட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் கருவே (கெர்னல்). வேலைகளை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்து மீண்டும் தொடங்கினால் முடிந்த பொதிகளை அது திரும்பக் கட்டாது. ஆகவே காற்று மழைக்கு மின்சாரம் போனாலும் முழு உழைப்பும் வீணாவதில்லை. பிழைப்பதிவைப் படிக்கும்போது கடைசி வரியைப் பார்க்காமல், 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தாலும் சேஜ் தொகுக்க மறுக்கும். விண்டோஸ் பாவிப்போர் அதன் லினக்ஸ் துணை அமைப்புக்குள், லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையிலேயே இதைச் செய்ய வேண்டும். தொகுப்பது நோக்கமல்ல, கணக்குப் போடுவதுதான் நோக்கம் என்றால் 'கொண்டா' என்ற பொதி நிறுவும் கருவி வழியாக ஆயத்தப் பொதியை இறக்குவதே புத்திசாலித்தனம்.

மூலநிரலை, அதன் மாற்றங்களின் வரலாற்றையும் காத்துவைக்கும் 'கிட்' என்ற கருவி மூலம் இறக்கும்போது, பாதியில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்; விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் இல்லை. பனி இறங்கினால் சிக்னல் போய்விடும் தோட்டத்தில் இது டேட்டாவை விழுங்கும் வேலை. ஆகவே முதலில் ஆழம் ('டெப்த்') 1 என்று குறித்து அண்மைய நிலையை மாத்திரம் இறக்கிவிட்டு, பழைய வரலாற்றைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். முன்பு சரியாக இயங்கியது எந்த மாற்றத்தால் கெட்டது என்று கண்டுபிடிக்க அந்த வரலாறு தேவைப்படும். கிட்டின் 'பைசெக்ட்' கட்டளை அதை நடுவில் வெட்டி வெட்டித் தேடுவதால் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். எனினும் சேஜில் ஒவ்வொரு சோதனைக்கும் மீண்டும் தொகுக்க நேரலாம். முழுக்கப் பைதனில் எழுதப்பட்ட சிம்பைக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால், புதியவர்கள் சிம்பையில் தொடங்குவதையே நான் விரும்புகிறேன்.

வழு உறுதியானதும் நிரலைச் சுருக்குங்கள். இருநூறு வரிகளில் தோன்றிய சிக்கலைத் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கி மூன்று வரிகளுக்குக் கொண்டுவாருங்கள். பாதி வேளைகளில் இந்தச் சுருக்கலின்போதே பிழை நம்முடையது என்று வெளிச்சமாகிவிடும். எஞ்சிய மூன்று வரிகள், கிடைத்த விடை, எதிர்பார்த்த விடை, அது ஏன் சரி என்பதற்கான கணிதக் காரணம், முன்பு குறித்த பதிப்பு விவரங்கள் ஆகியவையே அறிக்கை. கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், மற்றவர் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? ஆங்கிலம் வராது என்று தயங்குவோருக்கு: அந்த மூன்று வரி நிரலுக்கு இலக்கணப் பிழை பார்ப்பவர் எவருமில்லை. அனுப்புமுன் இதே வழுவை வேறொருவர் அறிவித்திருக்கிறாரா என்றும் தேடிவிடுங்கள்.

திருத்தமும் உங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால், முதலில் சோதனையை எழுதிவிட்டுப் பிறகு நிரலைத் தொடுங்கள். சேஜில் ஒவ்வொரு சார்பின் விளக்கவுரைக்குள்ளும் உதாரணங்களும் அவற்றின் விடைகளும் எழுதப்பட்டிருக்கும்; அந்த உதாரணங்களே சோதனைகளாக ஓடும். உங்கள் மூன்று வரிகளை அங்கே சேர்த்து, வழு பதிவான எண்ணையும் குறிப்பிடுவதே அங்குள்ள வழக்கம். திருத்தத்திற்கு முன் அது தோற்க வேண்டும், பின் வெல்ல வேண்டும். முன்னரே வென்றால் நீங்கள் சோதித்தது வேறெதையோ. ஒருமுறை தோற்று மறுமுறை வெல்லும் சோதனையைக் கண்டால், ஓட்டத்தின் தொடக்கத்தில் அச்சாகும் எழுமாற்று வித்தெண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணோடு மீண்டும் ஓட்டுங்கள். மாற்றிய கோப்பின் சோதனைகள் சில நிமிடங்களில் முடியும். முழுத் தொகுதியின் நீண்ட சோதனை மணிக்கணக்கில் ஓடும் என்பதால், அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கிவிட்டு, மடிக்கணினியின் மின்கம்பி சுவரில் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.