ஏசிஎல் மாடலை உடைக்காமல் நீட்டுவது

நாலு வென்டர்களின் ரவுட்டர்களுக்கும் ஒரே வடிவில் ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) அனுப்புவது என் வேலை. அதற்கு அடிப்படையாக நான் வைத்திருப்பது 2019 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 8519 என்ற இணையத் தர ஆவணம். பாக்கெட்டில் எதைப் பார்ப்பது, பொருந்தினால் என்ன செய்வது என்பதை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகச் சொல்லும் யாங் மாடல் அது; யாங் என்பது கருவிகளின் அமைப்புகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று எழுதும் மொழி. உங்கள் தேவை அதில் அடங்கவில்லையா? உடனே சொந்த மாடல் எழுத உட்காராதீர்கள். இருப்பதில் ஒட்டுப் போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓர் உதாரணம். 40 நெட்வொர்க்குகளிலிருந்து ஒரு சர்வரின் 22, 443, 8443 போர்ட்களுக்கு அனுமதி வேண்டும். 8519-இல் ஒரு விதிக்கு ஒரு மூல ப்ரிஃபிக்ஸ் (பாக்கெட் வரும் நெட்வொர்க்கின் முகவரி), ஒரு போர்ட் வீச்சு, அவ்வளவுதான். ஆக 120 விதிகள். நாளைக்கு இன்னொரு நெட்வொர்க் வந்தால் மேலும் மூன்று. இதற்குத் தீர்வு, ப்ரிஃபிக்ஸ்களையும் போர்ட்களையும் பெயரிட்ட பட்டியல்களாக உங்கள் மாட்யூலில் (தனி யாங் கோப்பில்) வைத்து, விதியில் லீஃப்ரெஃப் (வேறிடத்து மதிப்பைச் சுட்டும் யாங் வகை) மூலம் பெயரை மட்டும் சுட்டுவது. 120 விதிகள் ஒன்றாகிவிடும்.

அதை எங்கே ஒட்டுவது? ஐபிவி4 பகுதியில் மூல நெட்வொர்க் என்பது ஒரு சாய்ஸ், அதாவது பல வடிவங்களில் ஒன்றை மட்டும் ஏற்கும் இடம். உள்ளே ஒரே ஒரு கேஸ் (வடிவம்). முதலில் பார்க்கும்போது வெட்டி வேலை போலத் தோன்றும். ஆனால் பின்னால் வருபவருக்காகத் திறந்து வைத்த கதவு அது. ஆக்மென்ட் (அடுத்தவர் மாடலில் வெளியிலிருந்து சேர்க்கும் கட்டளை) மூலம் உங்கள் கேஸை அங்கே சேர்த்தால், ப்ரிஃபிக்ஸ் அல்லது பட்டியல், இரண்டில் ஒன்றுதான் என்பதை யாங்கே பார்த்துக்கொள்ளும். போர்ட்டுக்கும் இதே வசதி உண்டு.

டிசிபி கொடிகளில் (இணைப்பின் நிலையைச் சொல்லும் சின், ஆக் போன்ற பிட்கள்) அந்தக் கதவு இல்லை. அங்கே இருப்பது பிட்ஸ் வகையில் ஒரு லீஃப், அதாவது ஒற்றை மதிப்பு, மட்டும். 'சின் இருக்க வேண்டும், ஆக் இருக்கக் கூடாது' என்று மாஸ்க் (எந்தப் பிட்களைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு) வைத்துச் சொல்ல வழியில்லை. லீஃபின் வகையை வெளியிலிருந்து ஆக்மென்ட் மாற்றாது. எனவே பக்கத்தில் புது கன்டெய்னர் (லீஃப்களை அடக்கும் தொகுதி) வைத்து, பழைய லீஃப் இருந்தால் இது இருக்கக் கூடாது என்று மஸ்ட் நிபந்தனை எழுத வேண்டும். வேலை நடக்கும், அழகாக இருக்காது. நீங்களே புதிதாக மாடல் எழுதினால், இன்னொரு வடிவம் வரக்கூடும் என்று தோன்றும் இடத்திலெல்லாம் சாய்ஸ் போட்டுவிடுங்கள்.

விதி பொருந்தினால் நடக்கும் செயல்களுக்கு எனுமரேஷன் (மூடிய மதிப்புப் பட்டியல்) வேண்டாம், ஐடென்டிட்டி (கிளை பிரிக்கக்கூடிய பெயர்) போடுங்கள். எனுமரேஷனில் ஒரு மதிப்பைக் கூட்ட அந்த மாட்யூலையே திருத்தி வெளியிட வேண்டும்; ஐடென்டிட்டியிலிருந்து யார் வேண்டுமானாலும் தங்கள் மாட்யூலில் கிளை பிரிக்கலாம். 8519-இல் ஏற்பது, கைவிடுவது, மறுப்பது மூன்றும் அப்படித்தான் இருக்கின்றன. வேக வரம்பை நான்காவது செயலாகச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு எவ்வளவு என்ற லீஃபும் கூடவே கட்டாயம் வேண்டும். அடுத்தவர் மாட்யூலுக்குள் கட்டாய லீஃபைச் சும்மா நுழைக்க யாங் 1.1 விடாது, உங்கள் மாட்யூலைப் பற்றியே தெரியாத கிளையன்ட் அனுப்பும் கான்ஃபிக் (அமைப்புத் தரவு) உடைந்துவிடும் என்பதுதான் காரணம். செயல் உங்கள் ஐடென்டிட்டியாக இருந்தால் மட்டும் என்று வென் நிபந்தனை போட்டுவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

எல்லா ரவுட்டரும் எல்லாவற்றையும் செய்யாது. அதனால் ஒவ்வொரு நீட்சிக்கும் தனி ஃபீச்சர் (ஆதரவு இருந்தால் மட்டும் இயங்கும் விருப்பப் பகுதி) கொடுங்கள். விதிப் பட்டியலின் சாவி (ஒவ்வொரு விதியையும் அடையாளம் காட்டுவது) பெயராகவே இருக்கட்டும், வரிசையைப் பயனர் தீர்மானிக்கட்டும். எண்ணைச் சாவியாக வைத்தால் இடையில் ஒரு விதி நுழைக்க இடமில்லாமல் என்றாவது எல்லாவற்றுக்கும் எண் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் சோதனை. பியாங் என்ற யாங் கருவியில் மரப்படம் எடுத்து, புதுக் கிளைகள் நினைத்த இடத்தில்தான் முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, நீட்சிக்கு முன்பு பயன்பாட்டில் இருந்த கான்ஃபிக் ஒன்றை எடுத்து, புது மாட்யூலையும் ஏற்றிய யாங்லின்ட் என்ற சரிபார்ப்புக் கருவியில் ஓட்டுங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் அது தேற வேண்டும். தேறாவிட்டால் உங்கள் மஸ்ட், வென் வரிகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.