செல்ஃப் சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகல: டீசல் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்கில் டீசல் இருக்கிறதா, பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்பதை யாரும் பார்த்துவிடுவார்கள். பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் வேறு. இங்கே பேசுவது காமன் ரெயில் இன்ஜின்களைப் பற்றி. இவற்றில் பம்ப் அதிக பிரஷரில் தள்ளும் டீசல் 'ரெயில்' என்ற பொதுக் குழாயில் தேங்கி, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கும் போகும்.

புகையைப் பார்க்காமல் பானட்டைத் திறப்பது

செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது கம்ப்ரஷன், டைமிங், ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவது) பக்கம் போக வேண்டும். புகையே இல்லையென்றால் இன்ஜெக்டர் டீசலை விடவே இல்லை. ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம்மையும் ரெயில் பிரஷரையும் சேர்த்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போதும் ஆர்பிஎம் 0 என்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையோ அதன் வயரையோ பிடியுங்கள்.

பிரஷர் ஏறவில்லை என்றதும் பம்பைக் கழற்றுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. காசு போவது வண்டிக்காரருக்கு. ரெயிலில் குறிப்பிட்ட பிரஷர் ஏறும்வரை ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்காது. பல இன்ஜின்களில் அது 200 பார் அளவில் இருக்கும். சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில் உண்டு. ஸ்கேனர் 80 காட்டுகிறது. "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டி, புதுசு வாங்கி மாட்டுகிறார்கள். அடுத்த நாளும் அதே 80. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்பதற்காகக் குழாயை மாற்றிய கதைதான்.

பம்பைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. வண்டி சற்று நேரம் நின்றபின் சாவியை மட்டும் ஆன் செய்தால் பிரஷர் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். 300 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அடுத்து, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றை மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஃபில்டர் ஓ-ரிங், அல்லது விரிசல் விட்ட பிளாஸ்டிக் கனெக்டர்.

பிறகு லீக்-ஆஃப் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளப்பது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப்பையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு குழாயும் பாட்டிலும் வையுங்கள். டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் வாயை அடைத்துவிடுங்கள். 10 விநாடி வீதம் சில முறை செல்ஃப் அடியுங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நிறைந்து, மற்றவை அடியில் நனைந்தே நின்றால், பிரஷரைக் குடிப்பது அந்த இன்ஜெக்டர்தான். பியசோ இன்ஜெக்டர் (காந்தச் சுருளுக்குப் பதில் மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் திறப்பது) உள்ள வண்டிகளில் இந்த முறை செல்லாது. சிலவற்றில் ரிட்டர்ன் லைனிலேயே பிரஷர் நிற்க வேண்டும் என்பதால் அதற்கான கிட் தேவை.

இன்ஜெக்டர்கள் சரியாக இருந்தால் ரெயில் முனையில் இருக்கும் பிரஷர் வால்வின் ரிட்டர்னைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போதே அதில் டீசல் தாராளமாக ஓடினால் வால்வு பிடிக்கவில்லை. கடைசியாகத்தான் பம்ப். அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடையுங்கள். மினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. அப்போது பம்பை மட்டும் மாற்றினாலும் போதாது. அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும். விட்டுவைத்தால் புது பம்பையும் தின்றுவிடும்.

இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது

பழைய ரோட்டரி பம்ப் காலத்துப் பழக்கம். காமன் ரெயிலில் வேண்டவே வேண்டாம். இந்தப் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அப்படி நேர்ந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. தாமதித்தால் விரலே போகலாம்.

ஈதர் ஸ்ப்ரே அடிப்பது

ஸ்டார்ட் ஆக உதவ காற்று வழியில் அடிக்கும், சட்டெனத் தீப்பற்றும் ஸ்ப்ரே இது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் கூடாது. சூடான பிளக்கில் பட்டு, நேரம் தவறி வெடித்து இன்ஜினையே கெடுக்கலாம்.

செல்ஃபை விடாமல் அடிப்பது

10 விநாடி அடித்தால் ஒரு நிமிடம் ஓய்வு. சுற்றும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக, தடையில்லாமல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட்டோ செயினோ போயிருக்கலாம். இன்னொரு முறை அடித்தால் வால்வும் வளையலாம்.

இம்மொபிலைசர் விளக்கை மறப்பது

சாவியை அடையாளம் காணாவிட்டால் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத பூட்டுதான் இம்மொபிலைசர். அதன் விளக்கு மின்னுகிறதா? முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வாஷரோடு இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டுவது

செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. இன்ஜெக்டரே புதிது என்றால் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணையும் ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்ற வேண்டும்.