கண்ணாடி முன் நின்று பல்லைப் படிப்போம்

பல் அமைப்பைப் படிக்கத் தொடங்கும் பலரும் முதலில் படத்தைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அது அப்புறம் ஆகட்டும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எண்ணுங்கள்

மேல்தாடையின் நடுவிலிருந்து வலப்பக்கமாக நாக்கால் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், இரண்டு முன்கடைவாய்ப்பற்கள், மூன்று கடைவாய்ப்பற்கள். ஆக 8. இப்படி நான்கு பகுதிக்கும் சேர்த்து 32. உங்களுக்கு 7தான் வருகிறதா? ஞானப்பல் முளைக்காமல் இருக்கலாம்.

2. நம்பர் போடுங்கள்

உங்கள் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அதற்குப் பக்கத்தில், நடுவிலிருந்து அது எத்தனையாவது பல் என்று எழுதுங்கள். மேல் வலது கோரைப்பல் 13. டாக்டர் சீட்டில் 36 என்று இருந்தால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல். அதை 'மூன்று ஆறு' என்றுதான் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு பல்லை மட்டும் படிப்பதென்றால் இந்த 36ஐப் படியுங்கள் என்பேன். சுமார் 6 வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும். அதனாலேயே பெற்றோர் இதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை வந்தாலும் விட்டுவிடுகிறார்கள். இது போனால் வேறு முளைக்காது.

3. உள்ளே என்ன?

வெளியே எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் உயிரணு இல்லாததால் தேய்ந்தால் வளராது. அதற்கடுத்து டென்டின். அதன் நுண்குழாய்கள் வெளியே தெரிந்துவிட்டால் ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்னும். நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பல்கூழ்.

4. வேர்

வேர் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நார்கள் பல்லைப் பிடித்திருக்கின்றன. சோற்றில் கல் கடிபட்டதும் சட்டென்று வாய் நின்றுவிடுகிறதே, அந்த அழுத்தத்தை உணர்வதில் இந்த நார்களில் உள்ள நரம்புகளுக்குப் பெரிய பங்குண்டு.

5. கன்னமும் நாக்கும்

கன்னத்தை விலக்கி, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே பாருங்கள். சின்ன மேடு தெரியும். டிஷ்யூவால் ஒற்றிவிட்டுப் புளியங்காயை நினைத்துக்கொண்டு, காதுக்கு முன்புறம் மெதுவாக அழுத்துங்கள். எச்சில் கசியும். அந்த மேடுதான் காதோர உமிழ்நீர்ச் சுரப்பியின் திறப்பு.

நாக்கைத் தூக்கினால் அடியிலும் எச்சில் வரும் இரண்டு திறப்புகள் இருக்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை (பல்லில் கெட்டியாக ஒட்டும் படிவு) சீக்கிரம் படிவதற்குக் காரணம் இவைதான்: எச்சிலில் உள்ள தாதுக்கள் முதலில் வந்து சேரும் இடம் அது. பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் அங்கே எட்டும்.