சின்ன விமானத்தில் ஏறும் முன்: வாக்அரவுண்டை ஒழுங்காகச் செய்வது எப்படி

வாக்அரவுண்ட் என்றால் கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது. சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்காகவும், லைசென்ஸ் வாங்கி எல்லாம் கைக்குப் பழகிவிட்டது என்ற நிலைக்கு வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் இது அதிகம் தேவை. கிளம்பும் முன் என்னென்ன பார்க்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், செக்லிஸ்ட் கையிலேயேதான் இருக்கும். ஆனால் பார்த்ததாக டிக் அடித்ததில் பாதி, அந்தப் பக்கமாக நடந்து போனது மட்டும்தான். அதனால் ஒவ்வொன்றையும் பார்த்தோமா இல்லையா என்ற சந்தேகமே வராதபடி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதிகம் பேர் ஓட்டுகிற செஸ்னா 172-ஐ வைத்தே சொல்லப்போகிறேன், உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். யாராவது நடுவில் வந்து பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள், தப்பில்லை, ஆனால் அதற்கப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். விட்ட இடம் எது என்று நமக்கு நினைவிருப்பதாகத் தோன்றும், பல நேரம் அது தப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து சாவி. அதை ஸ்விட்சிலிருந்து உருவி, வெளியே நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டு மேல் வைத்துவிடுங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, எர்த் ஒயர் அறுந்திருந்தால் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் ப்ரொப்பெல்லரைக் கையால் கொஞ்சம் திருப்பினாலே எஞ்சின் ஒரு சுற்று உதைக்கலாம். ப்ரொப்பெல்லர் சுற்றுகிற வட்டத்துக்குள் உடம்பை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். விளிம்பில் வெட்டோ பிளவோ இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று விரலால் தடவிப் பாருங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் எரிபொருள். மீட்டரை நம்பாதீர்கள், சின்ன விமானங்களில் அந்த முள் தோராயமாகத்தான் காட்டும். ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைத் திறந்து, அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த டிப்ஸ்டிக்கை இரண்டு டேங்கிலும் விட்டுப் பார்த்து, லிட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். 172எஸ் மாடலில் மொத்தம் 56 காலன், அதாவது சுமார் 212 லிட்டர் பிடிக்கும். அதில் எஞ்சினுக்குப் போய்ச் சேருவது 53 காலன். எழுதிய கணக்கையும் போகிற தூரத்துக்கு வேண்டிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "போதும்" என்று சொல்லாதீர்கள்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் இறந்தது இந்த இடத்தில்தான். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவில் மான்டரேக்குப் பக்கத்தில். அவர் புதிதாக வாங்கியிருந்த லாங்-ஈஸி என்ற இரண்டு சீட் விமானத்தில், எந்த டேங்கிலிருந்து எரிபொருள் போகவேண்டும் என்று மாற்றுகிற கைப்பிடி பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுவதே கஷ்டம். அன்று டெக்னீஷியன் ஒருவரும் அவரும் அதைப் பற்றித் தரையில் பேசியிருக்கிறார்கள், கைப்பிடியை நீட்டிக்க ஒரு குறடைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், அது சரிவரவில்லை. பின்னால் இருந்த எரிபொருள் மீட்டரைப் பார்ப்பதற்காக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் டெக்னீஷியன் கொடுத்திருக்கிறார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால் பங்குக்கும் குறைவு என்பது அந்த டெக்னீஷியனின் கணிப்பு. எரிபொருள் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று டென்வர் சொல்லிவிட்டார். கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தெரியாமல் வலது ரடர் பெடலை (மூக்கை வலப்பக்கம் திருப்புவது) மிதித்துவிட்டதால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றும், கிளம்பும் முன் எரிபொருள் போடாததும் ஒரு காரணம் என்றும் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் எழுதியது. குறை தெரிந்திருந்தது, அதைப் பற்றிப் பேசவும் பேசினார்கள். எனக்கு மனது பொறுக்காத இடம் இதுதான். வாக்அரவுண்டில் ஒரு குறை கண்ணில் பட்டால், அதைச் சமாளிக்க வழி யோசிக்கிற நேரத்தில் பறப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

அளந்தாகிவிட்டதா, சரி, மூடியை இறுக்குங்கள், இறுக்கிய பிறகு ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள். பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் காற்றழுத்தம் குறைவு, தளர்ந்த மூடி வழியாக எரிபொருளை அது உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் இதே கதை, அதோடு மழைத்தண்ணீரும் உள்ளே இறங்கும்.

தண்ணீர் எரிபொருளைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். அதற்காகத்தான் கீழே ட்ரெய்ன் வால்வுகள். 172எஸ்-இல் இறக்கைக்கு ஐந்து, வயிற்றுக்கடியில் மூன்று, ஆக 13. குனிந்து குனிந்து எடுக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் பதின்மூன்றிலிருந்தும் ஒரு கப்பில் கொஞ்சம் எரிபொருள் எடுத்துப் பாருங்கள், அதுவும் விமானத்தைத் தள்ளி நகர்த்துவதற்கு முன்பே. மழைக்காலத்தில் வெளியே நிறுத்தியிருந்த விமானம் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கப்பில் இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரிந்தால் தண்ணீர் என்று யாருக்கும் புரியும். ஏமாற்றுவது எது என்றால், கப் முழுக்கத் தண்ணீராகவே வந்துவிடுவது, கோடே இருக்காது, பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். வெள்ளைச் சுவரையோ விமானத்தின் வெள்ளை பெயிண்டையோ பின்னால் வைத்து நிறத்தைப் பாருங்கள். சின்ன விமானங்களுக்கான பெட்ரோலான 100எல்எல் ஏவ்கேஸ் இளநீலம். நீலம் தெரியவில்லை என்றால் அது ஏவ்கேஸ் இல்லை, அல்லது வேறு எதுவோ கலந்திருக்கிறது.

அந்த "வேறு எதுவோ" பெரும்பாலும் ஜெட் எரிபொருள்தான். டைமண்ட் டிஏ40 என்ற சின்ன விமானத்தின் ரகங்களில் ஒன்று ஏவ்கேஸில் ஓடும், இன்னொன்றான டிஏ40 என்ஜி ஜெட் ஏ-1-இல் ஓடும், தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எரிபொருள் போட வருகிறவருக்கும் அப்படித்தான் தெரியும். செஸ்னாவின் பெட்ரோல் எஞ்சினுக்கு ஜெட் ஏ-1 போய்விட்டால் உடனே தெரியாது, குழாயில் மிச்சமிருக்கும் ஏவ்கேஸில் ஸ்டார்ட் ஆகும், டாக்ஸி போகும், தரையை விட்டு மேலே கிளம்பவும் செய்யும், அதற்கப்புறம்தான் எஞ்சின் சாகும். அதனால் எரிபொருள் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பில்லில் என்ன பெயர் இருக்கிறது என்று படியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள்: ஏவ்கேஸ் ஆவியாகிப் போய்விடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வட்டம் விட்டுப் போகும்.

அடுத்தது கண்ட்ரோல் லாக், காற்றில் அய்லரானும் (இறக்கையின் அசையும் பலகை) எலிவேட்டரும் (வாலின் அசையும் பலகை) அடித்துக்கொள்ளாமல் இருக்க மாட்டி வைப்பது. 1935 அக்டோபர் 30-ஆம் தேதி ஓஹாயோவில் போயிங் 299 என்ற சோதனை விமானம் லாக்கை எடுக்காமலே கிளம்பி விழுந்தது, பைலட்களுக்குச் செக்லிஸ்ட் என்ற வழக்கம் வேரூன்றியதே அதற்குப் பிறகுதான். 2014 மே 31-ஆம் தேதி மாசச்சூசெட்ஸில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே காரணத்தால் ரன்வே தாண்டி ஓடி எரிந்தது, ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் குழு அதற்கு முன் கிளம்பிய 175 முறையில் 98 சதவீதம் கண்ட்ரோல் சோதனையை முழுதாகச் செய்யவே இல்லை என்று பதிவுக்கருவியிலிருந்து தெரியவந்தது. இரண்டும் பெரிய விமானங்கள்தான், ஆனால் லாக்கை மறந்தால் செஸ்னாவும் அதையே செய்யும். செஸ்னாவின் லாக்கில் சாவித்துளையை மறைக்கிற சிவப்புத் தகடு இருக்கும், அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய முடியாது. ஆனால் லாக் தொலைந்துபோனதென்று ஆணியோ போல்ட்டோ செருகி வைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் விமானத்தில் அப்படி இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்கான லாக் கேளுங்கள்.

வேகமானிக்காக எதிர்க்காற்றை வாங்குகிற பிட்டோ குழாயின் உறையைக் கழற்றிய பிறகு துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், குளவிக்கு அந்த அளவுத் துளை ரொம்பப் பிடிக்கும், சீக்கிரமே மண் வைத்து அடைத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், வேகமானி கெட்டுவிடும். விமானத்தைக் கழுவியிருந்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கிற சின்னத் துளையான ஸ்டாட்டிக் போர்ட் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். 1996-இல் பெரு நாட்டின் ஏரோபெரு 603 விமானம் அப்படி விட்டுப்போன டேப்பால் கடலில் விழுந்து 70 பேர் போனார்கள்.

எஞ்சினுக்கு வந்தால், 172எஸ்-இல் ஆயில் 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் பறக்கக் கூடாது, நிரம்பினால் 8. முன்பக்கத் திறப்புகளில் டார்ச் அடித்து, வைக்கோல், குச்சி, கந்தல் ஏதாவது தெரிகிறதா பாருங்கள், குருவி காலையில் கட்ட ஆரம்பித்த கூடு மதியத்துக்குள் திறப்பை அடைத்துவிடும். விமானத்தைக் கையால் இழுக்க முன்சக்கரத்தில் மாட்டுகிற டோ பாரைப் பொறுத்தவரை ஒரே விதி: அது உங்கள் கையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அதன் இடத்தில் இருக்கவேண்டும். சக்கரத்தில் மாட்டிவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். கடைசியாக நாலடி பின்னால் போய் நின்று, முழு விமானத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வால் கயிறு, சக்கரக் கட்டை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

உள்ளே உட்கார்ந்ததும் சீட்டை லாக் செய்து, காலை ஊன்றி முதுகால் பலமாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். செஸ்னாவில் டேக்-ஆஃப் வேகத்தில் சீட் பின்னால் வழுக்கிப் போய், பைலட் யோக்கை (ஸ்டீயரிங் மாதிரியான கைப்பிடி) பிடித்தபடியே இழுத்து விபத்தானது உண்டு. அப்புறம் யோக்கில் கட்டைவிரலை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு இடதுபக்கம் திருப்புங்கள், விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்க அய்லரான் மேலே போகவேண்டும். பராமரிப்பிலிருந்து வந்த விமானத்தில் கேபிளை மாற்றி மாட்டியிருந்தால் இந்த விரல்தான் காட்டிக்கொடுக்கும்.

கிளம்பும் முன் தரையில் எஞ்சினை வேகமாக ஓட்டிச் சோதிக்கிற ரன்-அப்பில் 1800 ஆர்பிஎம் வைத்து மேக்னெட்டோவை ஒவ்வொன்றாகப் பாருங்கள், 150-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. துளியும் இறங்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், எர்த் ஒயர் போயிருக்கலாம்.

ரன்வேயில் ஓட ஆரம்பித்ததும் வேகமானி முள் அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அசையவில்லையா, த்ராட்டிலை இழுத்து அங்கேயே நிறுத்தி, டவருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, பிட்டோ குழாயை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.