மனந்திரும்பியவர் அடுத்துப் போக வேண்டிய வீடு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்திலும் நாம் கேட்டுப் பழகிய அழைப்பு, மனந்திரும்புங்கள் என்பது. பாவத்தை விட்டு விலகி, கடவுளிடம் திரும்பி, நடையை மாற்றிக்கொள்வது அது. அதன் பலன் பாவமன்னிப்பு. நாம் சம்பாதித்தது அல்ல, கிறிஸ்துவினிமித்தம் கடவுள் தருவது. இவ்வளவும் தெரிந்தும் சில இடங்களில் தடுக்கி விழுகிறோம்.

குற்றவுணர்வோடு நின்றுவிடுவது ஒன்று. இயேசுவின் சீடர் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஆனால் பேதுரு இயேசுவிடம் திரும்பி வந்தார், யூதாஸ் வரவில்லை. "எனக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது" என்று இரவெல்லாம் புழுங்குகிறவர்களுக்கு 1 யோவான் 1:9-ஐ வாசித்துக் காட்டுங்கள். எல்லா அநியாயத்தையும் நீக்கிச் சுத்திகரிப்பார் என்றுதான் அங்கே இருக்கிறது.

அதிகம் நடப்பதும் எனக்கு அதிகம் வலிப்பதும் இன்னொன்று: ஆண்டவரிடம் கணக்கை முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கணக்கை அப்படியே விட்டுவிடுவது. சீட்டு பிடித்த ஒருவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஏரியா மாறிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன இடத்தில் சபைக்குப் போகிறார், ஞானஸ்நானம் எடுக்கிறார், மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறார். இங்கே காசிமேட்டில் மீன் விற்று மாதாமாதம் 2,000 கட்டிய அக்கா, மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கம்மலைக் கழற்றி அடகு வைக்கிறார். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது அப்படிச் செய்யவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று நின்று சொன்னான் (லூக்கா 19:8). மோசேயின் சட்டம் லேவியராகமம் 6-ல் கேட்டது முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான்.

முழுத்தொகை கையில் இல்லையென்றால்? முதலில் நேரில் போக வேண்டும், போனில் வேண்டாம். "அக்கா, உன் காசு 28,000 நான்தான் எடுத்தேன்" என்று தொகையைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோ" என்பது ஒப்புக்கொள்வதே ஆகாது. மாதம் ஆயிரம்தான் முடியுமென்றால் அதையும் ஒரு நோட்டில் எழுதி, கொடுக்கக் கொடுக்க அவர் கையெழுத்தை வாங்கலாம். வாசலில் நிற்க வைத்துத் திட்டினால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"நான் மனந்திரும்பிட்டேன், நீ இன்னும் மன்னிக்கலையா?" என்று நெருக்குவதும் தவறுதான். குடித்துவிட்டு மனைவியை அடித்தவர், ஜெபத்தில் அழுதுவிட்டு வந்த அன்றே அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பாஸ்டரும் மூப்பர்களும் வசனத்தைக் காட்டி அவளை வற்புறுத்துவது அதைவிடக் கொடுமை. பிறன் மனைவியை எடுத்து, அவள் கணவனைக் கொல்லவைத்த தாவீது ராஜாவின் பாவத்தைக் கர்த்தர் மன்னித்தார், ஆனால் அதன் விளைவுகள் அவர் வீட்டை விட்டுப் போகவில்லை (2 சாமுவேல் 12). கொடுத்த போலீஸ் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லும் உரிமை மனந்திரும்பியவருக்குக் கிடையாது.

குடியை விட்டுவிட்டு அப்புறம் சர்ச்சுக்கு வருகிறேன் என்கிறவர்களும் உண்டு. இயேசு சொன்ன கதையில், தகப்பனிடம் வாங்கிய சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய குமாரன் குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு வரவில்லை. தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

வந்த பிறகு மறுபடி விழுந்தால், அன்றைய தீர்மானமே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் 1517-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வைத்த 95 கருத்துகளில் முதலாவது. குடிநோய்க்கு வைத்தியமும் இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். அதனால் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள், சபையிலிருந்து ஒருவர் கூடப் போங்கள்.